முதலாளிக்கு டிப்ஸ்

திருத்துறைப்பூண்டியில் அந்த ஓட்டல் மேசையில் சில்லறையை விட்டுவிட்டு எழுந்தால் நல்லக்கண்ணு தெருவரை துரத்திக்கொண்டு வருவார். பஸ் ஏறி உட்கார்ந்துவிட்ட ஒருவரின் மடியில் ஜன்னல் வழியாகப் பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டுத் திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். "மொதலாளிக்கு யாராச்சும் டிப்ஸ் குடுப்பாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து நானும் வம்புக்கென்றே சில்லறையை விட்டுப் பார்ப்பதுண்டு.

அவர் சொல்வது உண்மைதான். அந்த ஓட்டல், அதில் வேலை செய்கிறவர்களுக்கே சொந்தமான கூட்டுறவுச் சங்கம். அடுப்படி மாஸ்டர், கல்லாவில் உட்காரும் கல்யாணம், தட்டு கழுவும் எழில்மொழி, எல்லாருமே பங்குதாரர்கள். நல்லக்கண்ணு சர்வர். இந்த முதலாளி சர்வரிடம் சாப்பிடப் போய் நான் படும் பாடு கொஞ்சமல்ல. வடை கேட்டால், "எண்ணெ காலைலேர்ந்து காயுது, வேணாம்" என்பார். கால் வலித்தால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, "நீங்க சாப்புடுங்க வாத்தியாரே" என்பார். அவசரம் என்று பறந்தால், "வெந்தாத்தானே கொண்டாருவேன்?" யாரையும் சார் போட்டுக் கூப்பிட்டதில்லை.

சின்ன வயதில் தஞ்சாவூர் லாட்ஜ் ஒன்றில் சர்வராக இருந்தவர். அங்கே சம்பளம் பெயருக்குத்தான். டிப்ஸை வைத்துத்தான் பிழைப்பு. "காசு கைக்கு வந்ததும் நெத்தியில கைய வச்சு சலாம் போடணும். போடலேன்னா மேனேஜரு பொடரியில ஒரு அடி வைப்பாரு. அங்க மூஞ்சியப் பாத்து சாம்பார் ஊத்தணும். இங்க எலையப் பாத்து ஊத்துனாப் போதும்."

பொங்கலுக்குப் பிறகு சங்கத்தில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சம்பளம் இல்லை. ஊருக்கு வெளியே ஏசி போட்ட ஓட்டல்கள் வந்துவிட்டன; கார்க்காரர்கள் உள்ளே வருவதில்லை. சென்னை நிறுவனம் ஒன்று கடையை விலைக்குக் கேட்டது. எல்லாருக்கும் வேலை உண்டு. மாதச் சம்பளம், பி.எஃப்., யூனிஃபார்ம். பங்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சங்கம் இரண்டாகப் பிளந்தது. மாஸ்டரும் கல்யாணமும் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள். சாம்பார் வாளியை வைக்கிற சத்தத்திலேயே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. நல்லக்கண்ணு கூடாது என்றுதான் சொல்வார் என்று எல்லாரும் நினைத்தோம்.

போன வாரம் ஒரு மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூட்டம் போட்டார்கள். நான் காபியோடு உள்ளே மாட்டிக்கொண்டேன். அடுப்படி வாசலில் எழில்மொழி ஈரக்கையோடு நின்றாள்.

"நாளைக்கு எவனாச்சும் வந்து ஒன்ன ஏய்னு கூப்புடுவான். பரவால்லயா?" என்று அவளிடம் கேட்டார் நல்லக்கண்ணு.

"இப்ப மட்டும் என்னண்ணே? கடன் கேட்டுப் போனா மளிகைக்காரரு ஏய்னுதான் கூப்புடுறாரு. மொதலாளின்னு சொல்லிக்கிட்டா ஒல கொதிச்சிடுமா? புள்ளைங்க ரெண்டும் நேத்து வெறும் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துச்சுங்க."

நல்லக்கண்ணு கையிலிருந்த டம்ளர்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"குடுத்துடலாங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் கல்யாணம். கைகள் எழுந்தன. எண்ணிப் பார்த்தார், சரிபாதிதான்; இன்னும் ஒரு கை வேண்டும். என் காபியில் ஆடை படிந்தது. நல்லக்கண்ணு டம்ளர்களை மேசையில் வைத்தார். தோள்துண்டில் வலது கையை நிதானமாகத் துடைத்தார். தூக்கினார்.

"அண்ணே, நீங்களா!" என்று கத்தினார் மாஸ்டர். எனக்கும் ஆத்திரம்தான். ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் வாங்கும் நான் எதற்கு ஆத்திரப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள அப்போது தோன்றவில்லை.

கூட்டம் கலைந்தது. பில்லுக்குப் பணம் கொடுத்தேன். மீதி நாணயத்தை வழக்கம்போல மேசையிலேயே விட்டுவிட்டு, குனிந்து வெளியே வந்து, வேகமாக நடந்தேன். துரத்தி வந்துவிடுங்கள் என்று மனசு கெஞ்சியது. சாலையைக் கடந்தேன். பின்னால் செருப்புச் சத்தமே கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஷட்டருக்கு வெளியே, நாணயத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தபடியே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, வலது கையை மெல்ல உயர்த்தி நெற்றியில் வைத்தார்.