எலிக்கு இறங்கிய சர்க்கரை

என் மகளுக்கு நான்கு வயதில் சர்க்கரை நோய் வந்தது. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. ஊசி போட்ட பிறகுதான் சோறு. இப்படி ஒரு வருடம் ஓடியபோது, போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் மாமனாருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஏலக்காய்ப் பொடி தின்ற எலிகளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம்.

"மருந்த மூட்டை மூட்டையா வித்துப்புட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலஞ்சிருக்கோமே ஆத்தா!" என்றார். பருத்த பச்சைக் காய்களாகப் பொறுக்கி இடித்தார். பேத்திக்கு மட்டச் சரக்கைக் கொடுக்க மாட்டார்; அவ்வளவு பாசம்.

"தாத்தா, அந்த எலியெல்லாம் இப்ப நல்லாருக்கா?" என்று கேட்டாள் மகள்.

"ஜம்முன்னு இருக்கும்டா தங்கம்."

ஏலக்காய்த் தண்ணீர் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாம் நாள், "ஒரு வாரம் ஊசிய நிப்பாட்டிப் பாப்போம்" என்றார் மாமனார்.

நான் விலங்கியல் முதுகலை. வீட்டில் பல்லி விழுந்தால் என்னைக் கூப்பிட அந்தப் படிப்பு பயன்படுகிறது. இருந்தும் நிறுத்தித்தான் பார்ப்போமா என்று எனக்கே ஒரு சபலம். தொடையெல்லாம் ஊசித் தடம், பாவம் பிள்ளை. ஒரு வாரம்தானே? தேடிப் படித்தேன். இத்தகைய எலிகள் பலவற்றுக்குக் கொழுப்பைத் தின்னக் கொடுத்தே சர்க்கரையை வரவழைக்கிறார்கள். அவற்றுக்குச் சொந்த இன்சுலின் கொஞ்சமாவது சுரக்கும். சோதனை முடிந்ததும் பெரும்பாலும் அறுத்துப் பார்த்துவிடுவார்கள். வீடியோவில் அந்தப் பகுதி இல்லை. எலிகள்மேல் எனக்குக் கோபமில்லை. இன்சுலினே நாய்களிடம் சோதித்து வந்ததுதான். ஆனால் நாயோடு நிறுத்தவில்லை, மனிதரிடமும் சோதித்தார்கள்.

மலை எஸ்டேட்டில் இருக்கும் கணவருக்குப் போன் போட்டேன். "அப்பா ஒண்ணு சொல்றாரு, டாக்டர் ஒண்ணு சொல்றாரு. நீ படிச்சவ, பாத்துச் செய்யி." உடனே சிக்னல் போய்விட்டது. மலையில் சிக்னல் எப்போதும் நேரம் பார்த்துத்தான் போகும்.

மதியம் தட்டின் முன் மகள், கையில் ஊசியோடு நான், குறுக்கே மாமனார்.

"ஏலத்துல ஒரு கைப்பிடி சாம்பிளப் பாத்துத்தான் லாட்டு மூட்டை மொத்தத்துக்கும் வெலை கேக்குறோம். எலிக்கு எறங்குச்சுல்ல? அப்புறமென்ன?"

"அது வேற மூட்டையில அள்ளுன சாம்பிளு மாமா. அத வச்சு இந்த மூட்டைக்கு வெலை கேப்பீங்களா?"

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு வச்சிருக்க."

அவருக்கும் வெகு நாளாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. "அப்ப நீங்க மொதல்ல ஒரு வாரம் மாத்திரைய நிப்பாட்டுங்க மாமா. பாப்போம்."

"எனக்கா? நாளைக்கு ஏலம் இருக்குத்தா! தலை கிறுகிறுன்னு வந்து விழுந்தேன்னா?"

சொன்ன பிறகு அவர் பேத்தியைப் பார்த்தார். பிறகு மெதுவாக நகர்ந்து வழிவிட்டார்.

பெரியவரிடம் இப்படிப் பேசியிருக்கக் கூடாதோ என்று நினைத்துக்கொண்டே ஊசியைப் போட்டேன். அளவை மட்டும் இரண்டு முறை பார்த்திருந்தேன், சரியாகத்தான் இருந்தது.