நடுவில் போட்ட கோடு

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கிளார்க். போன வார மழையில் இலை எடை எப்படி இருந்தது என்று பார்க்க, ஒவ்வொருவர் பறித்ததையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, நடுவே சராசரிக்கு ஒரு கோடு போட்டிருந்தேன்.

இன்று காலை மேனேஜர் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார். "கோட்டுக்குக் கீழ இருக்கறவங்க எல்லாம் விளக்கம் எழுதித் தரணும்."

இலை பறிக்கும் சாந்தி அக்காவின் புள்ளி கீழே இருந்தது.

"ஏனுங்க தம்பி, நடுவுல கோடு போட்டா கொஞ்சப் பேரு கீழதானுங்களே இருப்பாங்க?"

அதையே மேனேஜரிடம் சொன்னேன்.

"அடுத்த வாரம் ஒருத்தர்கூடக் கீழ இருக்கக் கூடாது. நீதான் பொறுப்பு."

எல்லோரும் கூடுதலாகப் பறித்தால் கோடும் மேலே ஏறும்.

இப்போது அக்காவின் விளக்கக் கடிதத்தை நான்தான் எழுதுகிறேன். 'காரணம்: கிளார்க்' என்று எழுதலாமா, சொல்லுங்கள்.