காந்தமா, சேஃப்டி ஷூவா?

மன அழுத்தத்துக்காகத் தலையில் காந்தம் வைத்துச் செய்யும் சிகிச்சை. இன்று முதல் நாள்.

ஓசூரில் ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். மனைவியும் வந்தாள்; ஆஸ்பத்திரியில் சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்தாள்.

"இரும்புச் சாமான் ஏதாச்சும் இருந்தா கழட்டிருங்க சார்" என்றார் நர்ஸ்.

கம்பெனி பழக்கம், சொன்னால் சொன்னபடிதான். வாட்ச், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றினேன். கடைசியில், முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"ஐயோ சார், மெஷினு தலைக்குத்தான். ஷூவ மாட்டிக்குங்க!"

அவர் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள் மனைவி. கண் கலங்கியிருந்தது. "சிரிச்சது நீங்களாங்க? இதக் கேட்டு எத்தன மாசமாச்சு!"

அந்த நர்ஸம்மா நல்லா இருக்கணும்.

ஆனால் ஒன்று. அதுவரை மெஷினை ஆன்கூடப் பண்ணவில்லை. நன்றியை யாருக்குச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.