மணல் குடித்த மருந்து

வாகிரா கிணற்றில் விட்ட அடுத்த கெளுத்தி மீனும் வயிறு மேலாக மிதந்தது. ஜாவாவின் தென்கடற்கரையில், வெங்காய வயலுக்கு நடுவே இருந்தது அந்தக் கிணறு. மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்லது என்பது அவள் நம்பிக்கை. முதல் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் தரினி அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

தென்கடலை ஆள்வதாக ஊர் நம்பும் கடலரசிக்குக் கோபம் என்றாள் பக்கத்து வயல்காரி. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாகிரா ஒரு பிடி மல்லிகையைக் கிணற்றில் தூவினாள். அடுத்து விட்ட மீன் அந்தப் பூக்களுக்கு நடுவிலேயே செத்துக் கிடந்தது. தவளைச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் விடியலில் அவள் கணவர் துகிரான் குழாயைப் பிடித்து வெங்காயத் தாள்களைக் கழுவினார். பனியும் கடற்காற்றின் உப்பும் தங்கினால் தாள் கருகிவிடும், அங்கே எல்லோரும் கழுவுவார்கள். முந்தின சாயங்காலம்தான் புழுவுக்கு மருந்தடித்திருந்தார். கழுவிய தண்ணீர் மணல்மேல் நிற்கவே இல்லை. அடியில் யாரோ வாயைத் திறந்து வைத்திருப்பதுபோல் உள்ளே போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த வாகிரா அவர் பக்கத்தில் வந்தாள்.

"பாக், கழுவுற தண்ணி எங்க போகுது?" என்று கணவரைக் கேட்டாள்.

"மண்ணுக்குள்ள. பின்ன வானத்துக்கா போகும்?"

"மண்ணுக்குள்ள எங்க?"

அவர் பார்வை கிணற்றுப் பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது. "தாளுக்குத்தானே அடிச்சேன். கிணத்துலயா ஊத்தினேன்?" என்றார் மெதுவாக.

அன்றோடு மருந்தை நிறுத்தினார். ஆனாலும் அதற்குப்பின் விட்ட மீனும் செத்தது. இத்தனை வருஷம் அடித்ததெல்லாம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதோ, சுற்றியுள்ள வயல்களிலிருந்தும் சத்தமில்லாமல் வந்து சேருகிறதோ, யார் கண்டது? வாகிரா மகளை மலைப்பக்கத்து அத்தை வீட்டுக்குக் கிளம்பச் சொன்னாள்.

"சோறு போட முடியலன்னு துரத்துறியா மாக்?" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்த தரினி, வண்டியில் ஏறியபின் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இத்தனை நாள் குடிச்சது என்ன ஆகும்?"

வாகிரா மகளின் பையைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

கிணற்றைப் பலகை போட்டு மூடியாயிற்று. தொழுகை நேரம் வந்தது. தண்ணீருக்கு வழியில்லாதபோது, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவுக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணைத் தொட்டுத் தடவிக்கொள்ளலாம். வாகிரா குனிந்து மணலை நோக்கிக் கைகளை நீட்டினாள். தொட மனம் வரவில்லை. பிறகு வீட்டுச் சுவரில் படிந்திருந்த தூசியில் உள்ளங்கைகளைப் பதித்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்காகத் தொழப் போனாள்.