இரண்டு பக்கம் அதிகம்

மருந்துக்கடையில் அவரை மாத்திரைக் கவி என்பார்கள். "கவியாரே, இருமல் மருந்துக்கு எதுகை கிடைச்சுதா?" என்று முதலாளி கேட்காத நாள் குறைவு. அவரும் சிரித்துக்கொண்டே மாத்திரை அட்டையைக் கத்தரிப்பார். ஐம்பதை நெருங்கும் வயதில் முதல் கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போயிருந்தது. யார் என்ன சொன்னாலும் உறைக்கவில்லை.

பதிப்பாளர் கடைக்கே போன் செய்தார்.

"பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஆறு ஃபாரத்துல முடிக்கணும். ரெண்டு பக்கம் துருத்திக்கிட்டு நிக்குது. எதை எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க."

இரண்டு பக்கம் ஓடும் கவிதை ஒன்றே ஒன்றுதான். 'சலவை'. அக்காவைப் பற்றியது. அப்பா போனபின் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் துவைத்து அவரைப் படிக்க வைத்தவள். பிளீச்சிங் பவுடர் முதலில் கைத்தோலைத் தின்றது. பிறகு நெஞ்சுக்குள் இறங்கியது. இப்போது கட்டிலே கதி. அந்தக் கவிதையை அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தார். "அச்சுல வருமாடா?" என்றாள். தம்பியிடம் அவள் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

ஒரு பக்கக் கவிதைகள் இரண்டை எடுத்திருக்கலாம். ஆனால் சிற்றிதழ் நண்பர் ஒருவர் 'சலவை'யைப் படித்துவிட்டு, "கண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தி" என்று உதட்டைப் பிதுக்கியிருந்தார். அந்த உதடு கண்முன் வந்து நின்றது.

"சலவையை எடுத்துடுங்க" என்றார்.

புத்தகம் வந்த அன்று அக்கா தலையணையை நிமிர்த்தச் சொல்லி உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கடைசிவரை போனாள். தாண்டிவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

"ஃபாரம் கணக்குக்கா..." என்று இழுத்தார்.

"விடுடா. நல்லதுதான் பண்ணியிருக்க. நம்ம வீட்டுக் கஷ்டம் ஊருக்கு எதுக்கு?"

அவர் தலையாட்டினார். ஆட்டியிருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உங்களைப் பத்தி எழுதினது எந்தப் பக்கம்க்கா? தெருவுக்கே சொல்லி வச்சிருக்கீங்களே!"

அக்கா கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். "இதுதான்."

பூட்டிய கடை வாசலில் மழையில் நனையும் சைக்கிளைப் பற்றிய நாலு வரி. 'சலவை'க்குப் பதில் எடுத்திருக்கக்கூடிய கவிதைகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி உரக்கப் படித்துவிட்டு விழித்தாள்.

"சைக்கிள்னு உங்களையா சொல்றாரு?"

"பின்ன? எத்தனை பேரைச் சுமந்திருக்கேன்!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அக்காவுக்கு இருமலாக மாறியது. தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் அவர் உள்ளே போனார். தம்ளர் நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றார்.