சொட்டு விழாத கசிவு

மாஹிம் கரையில் கட்டிக் கிடந்த அந்த மீன்பிடிப் போட்டின் இஞ்சின் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டு எங்கே விட்டது என்றுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ரப்பர் ஓஸில் ஈரம் இல்லை, அடியில் சொட்டு இல்லை. இஞ்சின் டிரைவர் தளவாய் கீழே அட்டையை விரித்து வைத்துக் குப்புறப் படுத்துப் பார்த்தான். அட்டை காய்ந்தே கிடந்தது. மூன்று மெக்கானிக்குகள் வந்தார்கள். மூன்று பேரும் ஒரே பாட்டு: "இஞ்சின் ஹெட் போயிருச்சு, பிரிக்கணும்." பிரித்தால் ஒரு மாசம். மழைக்காலம் முடிந்து கடலுக்குத் தேங்காய் விட்டு மீன்பிடி சீசன் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. போட்டுக்காரர் பாண்டுரங் சேட்டுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பதினஞ்சு வருஷமா உன் கையில இருந்த இஞ்சின். உன் கையிலதான் கெட்டுப்போச்சு. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற டிரைவர் வருவான்" என்று தளவாயிடம் இந்தியில் கத்தினார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தளவாய்க்கு மிச்சம் இருந்தது ரெண்டே நாள். நாற்பத்தாறு வயசில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? நேரே தாராவிக்கு நடந்து போய் ஷரீஃபுன்னிசா முன்னால் நின்றான்.

இந்த அம்மாள் யார் என்று சொல்லாமல் கதை நகராது. மேலப்பாளையத்துப் பெண். பத்தொன்பது வயசில் ஜெயினுலாப்தீனைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தாள். அவருக்கு லாரி ரேடியேட்டர் ஓட்டைக்கு ஈயம் பத்தவைக்கிற கடை. மதியச் சோறு கொண்டு போனவள், ஒருநாள் புருஷன் விரலைச் சுட்டுக்கொண்டதும், "இங்கன குடுங்க" என்று பத்தவைக்கிற இரும்பைக் கையில் வாங்கினாள். வாங்கினவள் இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவே இல்லை! இப்போது அவர் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டீ சொல்வார். நெருப்பு முழுக்க அம்மாள் வசம். வாஷி மார்க்கெட்டுக்கு வருகிற லாரிக்காரர்கள் இவளிடம் திட்டு வாங்குவதற்கென்றே வரிசையில் நிற்பார்கள். ரேடியேட்டரையும் விடமாட்டாள். "சவத்து மூதி, எங்கன ஒழுகுத?" என்று ஒரு அதட்டுப் போட்டால் ஓட்டை தானே வாயைத் திறக்கும் என்று தெருவில் பேச்சு.

தளவாய் சொன்னதைக் கேட்டாள். இரும்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கூடவே வந்தாள்.

கடல் வற்றி போட்டு சேற்றில் உட்கார்ந்திருந்தது. ஏறினவள் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள்.

"கறுப்பாத்தான் இருக்கு. தண்ணி கலந்திருந்தா மோர் மாதிரி வெளுத்திருக்கும். புகை வெள்ளையா வருதா?"

"இல்லக்கா."

"அப்ப ஹெட்டுக்கு ஒண்ணும் இல்ல. மூணு பேரு வந்தானுவளே, ஒருத்தனுக்குமா குச்சியை உருவத் தெரியல? வெளங்கிரும்! சரி, இஞ்சின் தண்ணி எதுலல ஆறுது?"

தளவாய் கூலரைக் காட்டினான். முழங்கை நீளத்தில் ஒரு உருளை. உள்ளே மெல்லிய செம்புக் குழாய்கள். குழாய்க்குள் கடல் தண்ணீர் ஓடும், குழாயைச் சுற்றி இஞ்சின் தண்ணீர் ஓடும். ஒன்றையொன்று தொடாது. ஷரீஃபுன்னிசா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டீ போடுகிற ஸ்டவ்வைப் பற்றவைக்கச் சொன்னாள். ரெண்டு கரண்டி கேட்டாள்.

ஒரு கரண்டியில் தளவாய் தினமும் ஊற்றுகிற கேன் தண்ணீர். இன்னொன்றில் இஞ்சின் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர். ரெண்டையும் வற்றவிட்டாள். கேன் தண்ணீர்க் கரண்டியில் லேசான கறை. மற்றதில் வெள்ளை வெளேரென்று உப்பு!

"நீ உப்பு போட்டியாலே?" என்று கேட்டாள். "இல்லேல்லா? அப்ப கடல் உள்ள வந்திருக்கு. ஒரு குழாயில ஓட்டை. இஞ்சின் ஓடும்போது அழுத்தத்துல நம்ம தண்ணி வெளிய போவுது. நிறுத்தி ஆறினா கடலை உள்ள உறிஞ்சுது. லாரி ஒழுகினா ரோட்டுல தெரியும். இது கடலுக்குள்ளல்லா ஒழுகுது, எவன் கண்டான்?"

தளவாய்க்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. பதினஞ்சு வருஷம் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய இஞ்சின். அதன் வயிற்றுக்குள் நடப்பதை, ரெண்டு கரண்டியை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டாளே! அம்மாடி, இது மனுஷ மூளைதானா என்று வாய்விட்டே சொன்னான்.

"வாயப் பொளக்காத, கூலரைக் கழத்து" என்றாள் அவள்.

சனிக்கிழமை கூலரை ஆட்டோவில் ஏற்றித் தாராவிக்குக் கொண்டு போனார்கள். இஞ்சின் தண்ணீர் போகிற வாய்களில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அடைத்து, நீல டிரம் தண்ணீரில் முக்கி, அந்த வாயில் சைக்கிள் பம்பால் காற்று அடித்தாள். நாற்பத்திரண்டு குழாயில் ஒரே ஒரு குழாயிலிருந்து கடுகு கடுகாகக் குமிழி வந்தது. "இந்தா, இவன்தான் களவாணி." அந்தக் குழாயின் ரெண்டு முனையிலும் பித்தளை முளையை இறுக்கிப் பத்தவைத்தாள். மிச்சம் நாற்பத்தொன்று போதும் என்றாள். மறுபடி முக்கினாள். ஒரு குமிழியும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூலரை மாட்டி, தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார்கள். சேட் அசைந்து கொடுக்கவில்லை. "ரெண்டு மணி நேரம் முழு வேகத்துல ஓடட்டும். அப்புறம் பேசு." அவரும் ஏறிக்கொண்டார். போட்டு கிளம்புகிற நேரத்தில் ஷரீஃபுன்னிசாவும் புர்காவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

"நீங்க எதுக்குக்கா?"

"சோலியப் பாரு."

கரை சின்னதாகிக்கொண்டே போனது. தளவாய் சூடு காட்டுகிற முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் நின்ற முள் நடுவிலேயே நின்றது. ரெண்டு மணி நேரம். இஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, சேட்டே துணியைப் போட்டுத் தொட்டி மூடியைத் திறந்தார். குனிந்து பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். விளிம்பு வரை தண்ணீர் அப்படியே நின்றது. நிமிர்ந்து தளவாயின் தோளில் கை வைத்தார்.

"நாளைக்குக் காலைல நாலு மணிக்கு வந்துரு. நீதான் ஓட்டுற."

தளவாய்க்குக் கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. அக்காவிடம் சொல்ல ஓடினான். அவள் இஞ்சின் அறைக்கு வெளியே ஒரு கயிற்றை ரெண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"எவ்வளவு கொறஞ்சிருக்கு?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஒரு சொட்டு கொறையலக்கா. என் வேலை தப்பிச்சுட்டுக்கா! ஏன்க்கா இப்படி இருக்கீங்க? கரையில நின்னிருக்கலாம்லா?"

"நான் அடைச்ச குழாயை நம்பி எட்டு பேரு கடலுக்குப் போறீங்க. நான் கரையில நின்னா நல்லாவாலே இருக்கும்?"

கயிற்றைப் பிடித்திருந்த அவள் கைகளையே அவன் பார்த்து நின்றான்.

"மரம் மாதிரி நிக்காதல, வண்டியக் கரைக்குத் திருப்பு" என்றாள். "எனக்குக் கடல்னா உசுரு போற பயம்."