நடை தூரம் என்று எழுதியவன்

பயணத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் தொழிலில் வெயிலில் நடப்பவர் ஒருவர். மின்விசிறியின் கீழ் அமர்ந்து வழி சொல்பவர் வேறொருவர். அம்பத்தூரில் ஒன்பது ஆண்டுகளாக அந்த மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவன் நான். இதே தொழிலில் வசை வாங்கிப் பழகிய தோழர்களே, என் வெட்கத்தை உங்களிடமன்றி வேறு யாரிடம் சொல்வேன்?

தண்ணீரில் நின்ற காடு

தரங்கம்பாடிக் கோட்டை, பிச்சாவரம், கோடியக்கரை மான்கள் என்று கடலும் காடும் பழமையும் சேர்ந்த மூன்று நாள் பயணத்தையே என்னிடம் பலரும் கேட்பார்கள். பிறர் எடுத்த படங்களைப் பார்த்தே அத்திட்டத்தை எழுதினேன். பிச்சாவரத்துக்கு "அடர்ந்த காட்டில் இனிய நடை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். பாடியிலுள்ள ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர் பன்னிருவர் அதை நம்பிப் புது ஷூக்களோடு போனார்கள். அங்கே காடு உப்பங்கழியில் நிற்கிறது. படகில்தான் உள்ளே போகவேண்டும். திரும்பி வந்ததும் அவர்களில் மூத்தவர் என் மேசைமீது கையூன்றிச் சொன்னார்: "இன்னா அண்ணாத்தே, காட்டுல நடக்கலாம்னு எய்திகீறே? அங்க நண்டுதான் நடந்துகினு கீது!"

இரண்டு முறை

அந்த ஒரு வரியை மட்டும் அடித்து நீக்கினேன். மற்ற வரிகளும் பொய்யாயிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கும் அடக்கம் எனக்கு வரவில்லை.

பின்னர் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மாரியப்பனும் அவர் மனைவி சண்முகத்தாயும் வந்தார்கள். மாரியப்பன் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர், திருநெல்வேலிக்காரர். லீவு கிடைத்தால் சொந்த ஊருக்கே போய்ப் பழகிய குடும்பம். அம்மையாருக்கு அடுத்த மாதம் முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதன்பின் நெடுநாள் மணலில் கால் வைக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒருமுறை கடல் தண்ணீரில் நிற்கவேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். நகரத்துக் கடற்கரையின் கூட்டமும் அகன்ற மணலும் அவருக்கு ஆகாது.

தரங்கம்பாடியை அடுத்துக் கூட்டமில்லாத ஒரு கடற்கரையை அவருக்கென்றே தேர்ந்தெடுத்தேன். கைப்பேசி வரைபடத்தில் வண்டி நிற்கும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு விரற்கடையே இருந்தது. "நடை தூரம்" என்று எழுதினேன். "நீங்க போயிருக்கீயளா தம்பி?" என்று அம்மையார் கேட்டார். சற்றும் கூசாமல் "இரண்டு முறை" என்றேன். அவர் முகம் தெளிந்தது. கணவரிடம் திரும்பிச் சொன்னார்: "பாத்தவுகளே சொல்லுதாவ. பெறவு என்ன பயம்?"

வண்டி நின்ற இடம்

அவர்கள் புறப்பட்ட மறுநாள் முற்பகல் டிரைவரிடமிருந்து போன் வந்தது. காட்டுப்பாக்கத்துக்காரர், எனக்காகப் பலமுறை வண்டி ஓட்டியவர். சாலை முடிந்த இடத்தில் மணல்மேடு. அதைத் தாண்டி இன்னொன்று. கணவரின் தோளைப் பற்றியபடி முதல் மேட்டில் ஏறிய அம்மையார், அதற்குமேல் முடியாமல் சுடுமணலில் அமர்ந்துவிட்டாராம். அலையோசை காதில் விழுகிறது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை.

வேறு வழி இருக்கிறதா என்று டிரைவர் கேட்டார். நான் அதே வரைபடத்தை மறுபடி திறந்து தேடினேன். டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "ரெண்டு தபா வந்துகீறேன்னு சொன்னியாமே சார், எந்தப் பக்கமா வந்தே?"

ஆவடியில் ஒரு பிற்பகல்

ஒருவன் சுவரில் வரைந்த கிணற்றைப் பார்த்துவிட்டு, வழிப்போக்கனுக்குத் தண்ணீர் இருக்குமிடம் சொன்னானாம். தாகத்தோடு போனவன் சுவரைத் தடவிக்கொண்டு நின்றானாம். அந்த முதலாமவன் நானே. தோழர்களே, காணாததைக் கண்டேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் ஒரு சொல்லை நம்பி ஒருவர் வலியோடு எழுந்து நடக்கிறார்.

கடலில் கால் நனைக்காமலே அவர்கள் ஆவடிக்குத் திரும்பியதும் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அம்மையார் காலை நீட்டி அமர்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே போனதில்லை என்பதைத் தலைகுனிந்து சொன்னேன். மாரியப்பன் எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மையார் என்னை வைததுண்டோ? இல்லை, வைதிருந்தால் தாங்கியிருப்பேன். டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி. ஒருக்கா அங்க போயி, வண்டி நிக்கித எடத்துல இருந்து தண்ணி வரைக்கும் எத்தன எட்டுன்னு எண்ணிட்டு வாங்க. அடுத்து வாரவளுக்காவது நெசத்தச் சொல்லலாம்லா?"

ஒன்பது ஆண்டுகளாக ஊராரையெல்லாம் அனுப்பிவைத்த நான், மறுநாள் காலை முதன்முறையாகத் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டு, எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று தெரியாமல் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.